ஈசானி மூலையில் அழுத குழாய்

திண்டுக்கல்லில் பூட்டுக் கடைகளுக்குப் பின்னால், மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே செப்டிக் டேங்க் இருக்கிற ஒரு காம்பவுண்டில், ஒரு கல்யாணம் ஒரு கக்கூஸால் தடைபட்டு நின்றது. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது, மாப்பிள்ளையின் அம்மா இந்திராணிக்கும் பெண்ணைப் பிடித்திருந்தது, வாழைக்காய் பஜ்ஜியைக்கூடப் பிடித்திருந்தது. ஆனால் கை கழுவக் கொல்லைப் பக்கம் போன இந்திராணி, ஈசானி மூலையில் கக்கூஸ் இருப்பதைப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் கையைக் கழுவாமலே தூக்கிப் பிடித்தபடி திரும்பி வந்து, "தெய்வம் இருக்கற மூலையில கொண்டுபோய் இத வெச்சிருக்கீங்களே மதினி, அடைச்சுட்டு அங்க ஒரு சாமி மாடம் கட்டுங்க, அப்புறம் நாங்க வந்து பூ வைக்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்பதை யாரும் பேச்சில் எடுக்கவே இல்லை.

பெண் பெயர் உமாராணி. தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள், அதிர்ந்து பேசாதவள், யார் எதைச் சொன்னாலும் "சரி" என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்கப் போகிறவள். அவளுக்குத் தங்கை நாகஜோதி. பதினேழு வயது. பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். கெமிஸ்ட்ரி புரியவில்லை, புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை, நின்றுவிட்டாள், அவ்வளவுதான், இதில் சோகக் கதை ஒன்றும் கிடையாது. அக்காவுக்கும் சேர்த்து வாய் பேசுகிறவள் என்று தெருவில் பெயர் வாங்கியிருந்தாள்.

அந்தக் கக்கூஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு அது ஒன்றுதான். ஆகவே அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்களும், அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பெண்களும், அழ வேண்டும் என்று தோன்றினால் அங்கேதான் போனார்கள். போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, வாளிக்குள் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள்ளேயே அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து உலையில் அரிசி போட்டார்கள். மற்ற இரண்டு வீட்டிலும் அதே கதைதான். இந்தக் காம்பவுண்டுப் பொம்பளைகளுக்கு வயிறு சரியில்லை என்று ஆண்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் மாப்பிள்ளை உட்காருகிற மாதிரி புதிதாக ஒரு கக்கூஸ் கட்டி முடித்த பிறகு, கொத்தனார் சவரிமுத்து பழையதை இடிக்க வந்தார். வேலையைவிடப் பேச்சு அதிகம் அவருக்கு. "இதெல்லாம் ஒரு வேலையாண்ணே, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள மூடிடுவேன்" என்று ஜோதியின் அப்பா ஜெயபாண்டியிடம் சொல்லிக்கொண்டே கோப்பையை உடைத்தார், அடியில் இருந்த வளைவுக் குழாயைப் பெயர்த்து எடுத்தார். நாற்றம் வரும் என்று எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நாற்றம் வரவில்லை. அழுகை வந்தது.

ஒன்றல்ல, பல அழுகைகள். சந்தைக்கடை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்து வந்தன. விம்மல் ஒன்று, கேவல் ஒன்று, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதது ஒன்று, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதது ஒன்று. எல்லாவற்றுக்கும் பின்னால் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம்.

"வளைவுல கொஞ்சம் தண்ணி நிக்கும்ணே" என்றார் சவரிமுத்து. "கீழ இருக்கறத மேல விடாம அதுதான் தடுத்துட்டு இருக்கும். அத எடுத்துட்டோம்ல."

"அது நாத்தத்தத்தானப்பா தடுக்கும்" என்றார் ஜெயபாண்டி.

"எல்லாத்தையும்தான் தடுக்கும்."

ஜெயபாண்டி தலையாட்டிவிட்டு லாரி ஷெட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். சவரிமுத்து குழாய் வாயில் சாக்கைச் சுருட்டித் திணித்து, மேலே செங்கல் துண்டு போட்டு, கலவையை ஊற்றிக் கரண்டியால் இழைத்துவிட்டு, "நாளைக்கு வந்து மாடம் எழுப்பறேன்" என்று கிளம்பினார். மறுநாள் வந்து கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. கலவை அப்போதுதான் ஊற்றின மாதிரி ஈரமாக இருந்தது, அழுகை அதற்குள்ளிருந்து குமிழி விட்டுக்கொண்டு வந்தது. அள்ளிப் போட்டுவிட்டு வேறு சிமெண்ட் கொண்டுவந்து ஊற்றினார். அதுவும் காயவில்லை. சீக்கிரம் இறுகுகிற பவுடரைக் கலந்தார், டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார், "சிமெண்ட்டு டூப்ளிகேட்டு" என்றார், "மணலு சரியில்ல" என்றார், கடைசியில் "கண்ணு பட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

பிறகு டேங்க்கைக் காலி செய்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, உறிஞ்சுகிற லாரி வந்தது, மொத்தமாக உறிஞ்சி எடுத்துக்கொண்டு போனது, பஸ் ஸ்டாண்டு வழியாக ஊரைத் தாண்டுகிற வரைக்கும் அழுதுகொண்டே போனது. ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குகிற மாதிரி ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வயசானவர் ஒருவர் செருப்பைக் கழற்றி நின்று கும்பிட்டாராம். லாரி போன பிறகு, குழாயில் அழுகை முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. அடைசல் போய்விட்டதல்லவா.

தெரு பழகிக்கொண்டது. தெருவுக்கு வேறென்ன தெரியும்? டீக்கடைக்காரர் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். குழந்தைகள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பழகின, வெளியூர் போனால் தூக்கம் வராமல் சிணுங்கின. பக்கத்துத் தெருவில் பெண் வாரிசு இல்லாமல் ஒரு பெரியவர் செத்துப்போனபோது, அந்த வீட்டு ஆட்கள் வந்து, "எங்க வீட்ல அழ ஆளில்லங்க, பாடை எடுக்கற வரைக்கும் அந்தச் சாக்க எடுத்து விடுறீங்களா" என்று மரியாதையாகக் கேட்டார்கள். எடுத்துவிட்டாள் ஜோதி. பாடை போன பிறகு அவர்கள் நன்றிக்கு ஒரு தார் வாழைப்பழம் கொடுத்தனுப்பினார்கள். இப்படியே விட்டிருந்தால் அந்தக் குழாய் ஊருக்கு ஒரு வசதியாகவே ஆகியிருக்கும். ஆனால் மாடம் கட்டினால்தான் பூ வைப்பார்கள்.

மூன்றாம் வீட்டு மெஹருன்னிசாதான் முதலில் கண்டுபிடித்தாள். இரவல் வாங்கின மிக்ஸி ஜாரைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், கக்கூஸ் வாசலில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஏ ஜோதி, இந்தா, இப்ப வந்துச்சு பாரு, அது என்னோடதுடி."

"எப்படிக்கா சொல்ற?"

"எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரரு என் தையல் மிஷின எங்கிட்டக் கேக்காம வித்துட்டு வந்தாருல்ல, அன்னைக்கு அழுதது." இன்னும் கொஞ்சம் கேட்டாள். "நல்லாத்தான் அழுதிருக்கேன், என்ன?" பிறகு துளைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுகிற குரலில், "ஆமா, என்னோடதுதான்" என்றாள். அந்த ஒரு அழுகை மட்டும் நின்றுபோனது. மெஹருன்னிசா தொண்டையைத் தடவிக்கொண்டு எழுந்து, மிக்ஸி ஜாரின் மூடி வீட்டிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

விஷயம் பரவியது. பெண்கள் வர ஆரம்பித்தார்கள். சமையலை முடித்துவிட்டு வந்தார்கள், சீரியல் முடிந்து வந்தார்கள், அந்தக் காம்பவுண்டில் முன்பு குடியிருந்துவிட்டுப் போனவர்கள் பழனியிலிருந்தும் நத்தத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து காதைக் கொடுத்தார்கள். "இது உன்னோடதா?" "எனக்கு இவ்வளவு கீச்சுக் குரல் ஏது, இது தெரசம்மாளோடது." "செத்தவளோடத யாரு வாங்குறது?" "மக வந்திருக்காள்ல, அவ சொல்லட்டும்." ஒருத்தி தன் அழுகையைக் கேட்டுச் சிரித்தாள். ஒருத்தி தன்னுடையதில்லை என்று சாதித்தாள், பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து ஒத்துக்கொண்டாள். ஒவ்வொருத்தியாக "என்னோடதுதான்" என்று சொல்லச் சொல்ல, குழாயில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. சவரிமுத்துவுக்கு நம்பிக்கை வந்து மறுபடியும் கலவை குழைக்க ஆரம்பித்தார்.

ஜோதியின் அம்மா பஞ்சவர்ணம் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். உள்ளே ஒரு அழுகை, "ரெண்டாவதும் பொட்டையாப் போச்சே, ரெண்டாவதும் பொட்டையாப் போச்சே" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. ஜோதி பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது.

"அது நானா?" என்றாள் ஜோதி.

பஞ்சவர்ணம் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. "ஆமா" என்றாள். "ஒரு நாளு அழுதேன். மறுநாளு அழல. போயி இட்லிக்கு ஊறப் போடு."

ஜோதி போய் ஊறப் போட்டாள். கோபம் வரவில்லை. வந்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. அரிசியைக் களைந்த தண்ணீரைக் கொய்யா மரத்துக்கு ஊற்றினாள்.

கடைசியில் ஒரே ஒரு அழுகை மிச்சமிருந்தது. சின்னக் குரல். புதுக் குரல். "எனக்கு வேணாம். எனக்கு இந்த ஆளு வேணாம்" என்று சொல்லி, மூக்கை உறிஞ்சி, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, மறுபடி "எனக்கு வேணாம்" என்றது. பஜ்ஜி போட்ட அன்றைக்கு, மாப்பிள்ளை வீட்டார் கார் தெரு முனை திரும்புவதற்குள் அழுத அழுகை அது.

யாருடையது என்று தெரியாதவர்கள் தெருவில் ஒருவரும் இல்லை. டியூஷன் பிள்ளைகள் நேராகவே கேட்டன. "மிஸ், இது நீங்கதான மிஸ்?"

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லு" என்றாள் உமாராணி.

ஜெயபாண்டி சீக்கிரமாக வேலைக்குப் போனார், தாமதமாக வந்தார், வந்ததும் டிவியைச் சத்தமாக வைத்தார். "கல்யாணம்னா பொம்பளப் புள்ள ஒரு பாட்டம் அழத்தான் செய்யும்" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார். பஞ்சவர்ணம் உமாராணிக்குப் பிடிக்கும் என்று தினமும் ஏதாவது ஒன்று செய்தாள், பருப்பு உருண்டைக் குழம்பு, பால் பணியாரம். உமாராணி சாப்பிட்டாள்.

பிறகு தெரு வந்தது. டீக்கடைக்காரர் வந்தார், மெஹருன்னிசா வந்தாள், எதிர்வீட்டு ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர் வந்தார், சேர் போட்டு உட்கார்ந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. உமாராணிக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் கொடுத்தனுப்புகிறவர்கள்தான்.

"கூட்டமா அழுதப்ப ஒண்ணும் தெரியலம்மா" என்றார் போஸ்ட்மாஸ்டர். "ஒத்தக் குரலா வரும்போது காதுல வந்து நிக்குது. சாப்பிட முடியல."

"ஒரே ஒரு வார்த்த தான உமா" என்றாள் மெஹருன்னிசா. "என்னோடதுன்னு சொல்லிடு. நின்னுடும். நாங்கல்லாம் சொல்லலையா?"

"உங்களோடதெல்லாம் முடிஞ்சு போனது" என்றாள் ஜோதி. "இது இன்னும் நடக்கவே இல்ல."

"பெரியவங்க பேசறப்ப நீ எதுக்குடி நடுவுல?" என்றாள் பஞ்சவர்ணம்.

"அக்காவப் பத்தி வேற யாரு பேசறீங்க? சிமெண்ட்டப் பத்தித்தான பேசறீங்க."

டீக்கடைக்காரர் சிரித்தார். "வக்கீலுக்குப் படிக்க வேண்டிய புள்ள, பள்ளிக்கூடத்த விட்டு நின்னுடுச்சு பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உமாராணியும் லேசாகச் சிரித்தாள்.

ஜோதிக்கு மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. இது அழுகிற வரைக்கும் கலவை காயாது. கலவை காயாத வரைக்கும் மாடம் எழும்பாது. மாடம் எழும்பாத வரைக்கும் பூ வைக்க வர மாட்டார்கள். இதைவிட நல்ல வழி யாருக்குக் கிடைக்கும்? சவரிமுத்து திணித்த சாக்கை அவர் அந்தப் பக்கம் போனதும் உருவிப் போட்டாள், துளைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல் மாதிரி உட்கார்ந்தாள், உமாராணி துணி மடிக்கும்போது பின்னாலேயே போய், "நீ மட்டும் வாயத் தொறந்துடாதக்கா. எவன் வந்து கேட்டாலும் சொல்லாத. கெடந்து அழட்டும். அதுவாச்சும் அழட்டும்" என்றாள்.

"சரி" என்றாள் உமாராணி, எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இந்திராணி, மாடம் எந்த அளவில் இருக்கிறது பார்க்கலாம் என்று, தட்டில் பழம் வெற்றிலையோடு வந்து இறங்கினாள். ஜெயபாண்டி சட்டையைத் தேடினார். பஞ்சவர்ணம் இந்திராணியைக் கூடத்திலேயே உட்கார வைக்கப் பார்த்தாள், காப்பி கொடுத்துப் பார்த்தாள், முறுக்கு கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. காம்பவுண்டு முழுக்க, எந்த வேலையும் இல்லாமல், கொல்லையில் வந்து நின்றது.

ஸ்டூலில் இருந்து ஜோதி எழுந்து வழிவிட்டாள். கேளு, நல்லாக் கேளு, கேட்டுட்டுப் போ, என்று நினைத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாம்" என்றது குழாய். "எனக்கு இந்த ஆளு வேணாம்."

இந்திராணி புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, பொறுமையாக, இரண்டு தடவை முழுசாகக் கேட்டாள். நிமிர்ந்தாள். முகம் மாறவில்லை.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு மதினி" என்றாள். "யாரு வீட்லதான் இல்ல? நாங்க மேல டைல்ஸ ஒட்டி, அதுக்கு மேல வாஷிங் மிஷின வெச்சுட்டோம். மிஷினு ஓடும்போது ஒண்ணுமே தெரியாது."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. பஞ்சவர்ணத்துக்கு உயிர் வந்தது.

"அது யாரோடது?" என்றாள் ஜோதி.

"என்னம்மா?"

"உங்க வீட்ல இருக்கறது."

இந்திராணி புடவைக் கொசுவத்தை இறக்கிவிட்டாள். "என் மாமியாரோடது கொஞ்சம்" என்றாள். "என்னோடது கொஞ்சம்."

"அக்காவுக்கு உங்க மகன் வேணாமாம். இவ்வளவு பக்கத்துல நின்னு கேட்டீங்களே, காதுல விழலையா?"

பஞ்சவர்ணம் ஜோதியின் கையைப் பிடித்துக் கிள்ளினாள். இந்திராணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கல்யாணம் அந்த இடத்திலேயே நின்றிருக்கும், ஜோதி அதற்குத்தான் வாயைத் திறந்தாள். "விழுதும்மா, நல்லாவே விழுது" என்றாள் இந்திராணி, ரொம்பப் பிரியமாக. "அதுக்குத்தான் சொல்றேன், சீக்கிரம் அடைச்சிடுங்க. புள்ளைக்குப் பாவம் தொண்ட வலிக்கும்."

அப்போதுதான் உமாராணி உள்ளேயிருந்து வந்தாள். பூ வைக்காத தலை, டியூஷன் எடுக்கிற நைட்டி, தோளில் துண்டு. வருங்கால மாமியாரைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, "அக்கா, வேணாங்க்கா" என்று முந்தானை இல்லாத இடத்தில் பிடித்து இழுக்க முந்தானையைத் தேடிய ஜோதியைத் தாண்டி, போய்த் துளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை அவளைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் வேகமாக அழுதது, கூட்டத்தில் தொலைந்த குழந்தை அம்மாவைப் பார்த்ததும் அழுமே, அப்படி.

"என்னோடதுதான்" என்றாள் உமாராணி. "போதும்."

நின்றுவிட்டது.

அப்படி ஒரு அமைதியைத் தெரு கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. டீக்கடையில் ரேடியோவைக் குறைத்தார்கள். போஸ்ட்மாஸ்டர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. சவரிமுத்து ஓடிவந்து கலவையை ஊற்றினார், அது கண் முன்னாலேயே, தோசை வேகிற மாதிரி ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக வெளுத்துக்கொண்டே போய் இறுகியது. அவர் விரலால் தட்டிப் பார்த்தார், கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தார், மேலே ஏறி நின்று ஒரு குதி குதித்தார். "நான்தான் சொன்னேன்ல, இதெல்லாம் ஒரு வேலையா" என்றார். ஜெயபாண்டி அவர் தோளைத் தட்டினார். எல்லோரும் ஒருத்தர் பின் ஒருத்தராக மேலே ஏறி நின்று பார்த்தார்கள். இந்திராணி ஏறி நின்று, கிழக்குப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அடுத்த வளர்பிறையில் பூ வைக்கலாம் என்றாள். பஞ்சவர்ணம் பஜ்ஜிக்கு மாவு கரைக்கப் போனாள்.

ஜோதி கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. "உடைக்கணும்னா உடை பாப்பா" என்றார் சவரிமுத்து. "இனிமே அதுல ஒண்ணும் இருக்காது." ஒரே ஒரு அடி போட்டாள். கல் மேல் இரும்பு பட்ட சத்தம் மட்டும் வந்தது. கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

உமாராணி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா சொன்ன?" என்றாள் ஜோதி. குரல் உடைந்தது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. "நான் அவ்வளவு சொன்னேன்ல. இன்னும் கொஞ்ச நாளு விட்டிருந்தா..."

"விட்டிருந்தா?" உமாராணி அப்பாவின் வேட்டியை உதறினாள். "ஊரே கேட்டுச்சு ஜோதி. நாள் பூரா கேட்டாங்க. ஏன் வேணாங்கறன்னு ஒருத்தர் வந்து விசாரிச்சாங்களா? அப்புறம் அது எதுக்குக் கெடந்து கத்தணும்? பாவமா இருந்துச்சு."

ஜோதி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை, எல்லாம் சரி. ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தவளும் கேட்கவில்லை. அது அழுதால் போதும் என்று இருந்துவிட்டாள். வாயாடி, வக்கீல், எல்லோரையும் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டவள், அக்காவிடம் இந்த ஒன்றைக் கேட்கவில்லை.

"ஏன்க்கா வேணாம்?" என்றாள். "அவரு ஏதாச்சும் பண்ணாரா? ஏதாச்சும் சொன்னாரா? எங்கிட்டச் சொல்லு. நான் போய் அப்பாட்டச் சொல்றேன். ஏன் வேணாம்?"

உமாராணி கையிலிருந்த துணியை மடிக்காமல் நிறுத்தினாள். உண்மையாகவே யோசித்தாள், சாவியை எங்கே வைத்தோம் என்று வீட்டு வாசலில் நின்று யோசிப்பவள் மாதிரி நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, கொய்யா மரத்தைப் பார்த்து, சுவரைப் பார்த்து, ஈசானி மூலையில் வெள்ளையாக இறுகிக் கிடந்த இடத்தைப் பார்த்து, ரொம்ப நேரம் யோசித்தாள். உள்ளே எண்ணெய் காய்கிற வாசம் வந்தது. ஜோதி காத்துக்கொண்டே நின்றாள்.

"தெரியலடி" என்றாள் உமாராணி. "காலையில வரைக்கும் தெரிஞ்சுச்சு."